டி4-ல் குடியேறிய குதிரை

செல்லூர்த் தம்பி ஒருத்தன் போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணி, "அண்ணே, செஸ்ல வெள்ளைக்காய்னா நீங்க எப்பவும் முதல் நகர்வா சி4தானே ஆடுறீங்க, என் பையனுக்கும் அதையே சொல்லிக் குடுக்கவா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் திருநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த போட்டியில், அதே சி4 ஆடி, ஆறாவது படிக்கும் ஒரு பொண்ணிடம் தோற்றுவிட்டு வந்திருந்தேன். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தும் சூடு ஆறவில்லை. "அப்புறம் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். இதுதான் அந்த அப்புறம்.

எட்டு வருஷமாக வெள்ளைக்காய் கிடைத்தால் இங்கிலீஷ் ஓப்பனிங்தான், அதாவது முதல் நகர்விலேயே சி வரிசைச் சிப்பாயை நாலாம் கட்டத்துக்குத் தள்ளும் இந்த சி4. (பலகையில் நெடுக்கு வரிசைகளுக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண்; காய் பெயர் சொல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் சிப்பாய் நகர்வு.) 1843-ல் பாரிஸில் பிரெஞ்சு ஆட்டக்காரர் செயின்ட்-அமானோடு நடந்த மேட்சில் இங்கிலாந்துக்காரர் ஸ்டான்டன் ஆடியதால் வந்த பெயர். நான் இதில் விழுந்தது அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவால். 1987-ல் ஸ்பெயினில் செவில்லில் உலகப் பட்டத்துக்கான மேட்சின் கடைசி ஆட்டம், ஜெயித்தே ஆக வேண்டும், மனுஷன் சி4 வைக்கிறார், அவசரமே படாமல் கார்போவை இறுக்கி இறுக்கி ஜெயித்து, 12-12 என்று சமன் செய்து பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்கிறார். நமக்கும் இந்த நிதானம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் மறந்துபோகும். சி4, குதிரை சி3, ஜி3, பிஷப் ஜி2. இந்த நாலும் எதிராளி எதை ஆடினாலும் பெரும்பாலும் ஓடும், பக்கம் பக்கமாக மனப்பாடம் வேண்டாம். கறுப்பு இ5 வைத்து ராஜா பக்கம் பார்த்தால் நான் யானையை பி1-க்குக் கொண்டுவந்து பி4, பி5 என்று தள்ளிக்கொண்டே போவேன். சி6-ல் இருக்கும் குதிரை எழுந்து ஓடும், ஜி2 பிஷப்புக்கு பி7 வரைக்கும் பார்வை திறக்கும். அந்த நிமிஷம் இருக்கிறதே, அடடா. எதிராளிக்கு எங்கே வலிக்கிறது என்றே தெரியாது, ஆனால் முகம் மாறும். கறுப்பு சீக்கிரமே டி5 வைத்து சிப்பாய்களை மாற்றிக்கொண்டால் சி-வரிசை பாதி திறந்துவிடும், யானையை சி1-ல் போட்டு குதிரையை ஏ4 வழியாக சி5-க்கு ஏற்றலாம். சி5 வைத்து நம்மையே காப்பியடிப்பவர்களிடம் ஏ3, யானை பி1, பி4. அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை, தூக்கம்தான் வரும்.

இப்போது கடுப்புக்கு வருகிறேன். ஐந்தாவது நகர்வில் இ4 வைத்து, டி3, குதிரை இ2, கோட்டை கட்டி (ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கி), அப்புறம் எஃப்4 என்று கிளம்பும் ஒரு அமைப்பு உண்டு. பழைய உலக சாம்பியன் போட்வினிக் பெயரில்தான் அதைச் சொல்வார்கள். பார்க்க மீனாட்சியம்மன் கோயில் மதில் மாதிரி கம்பீரமாக இருக்கும். ஆனால் சி-யும் இ-யும் நாலாம் கட்டத்துக்குப் போய்விட்டதால் டி4-ஐக் காக்க இனி ஒரு சிப்பாய்கூடக் கிடையாது, சிப்பாய் பின்னால் நடக்காது. அந்த ஓட்டையில் கறுப்புக் குதிரை வந்து உட்காரும். அந்தப் பொண்ணு அதை டி4-ல் வைத்துவிட்டு, கட்டத்தின் நடுவில் சரியாக இருக்கிறதா என்று விரலால் நகர்த்தி, முகம் என்னைப் பார்க்கும்படி திருப்பியும் வைத்தாள். நான் அடுத்து என்ன செய்தேன்? இ2 குதிரையால் வெட்டினேன். இ5 சிப்பாய் டி4-க்கு வந்தது, சி3 குதிரையும் இ3 பிஷப்பும் ஒரே சிப்பாயின் வாயில். அந்தச் சிப்பாயை வெட்டலாம் என்றால் பின்னால் ஜி7-ல் அவள் பிஷப் காத்திருக்கிறது. முதலிலேயே அந்தக் குதிரையை வெட்டாமல் விட்டிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. எட்டு வருஷத்தில் எத்தனை தடவை இதே தப்பைச் செய்தேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

நியாயமாகப் பார்த்தால் ஓப்பனிங் மேல் குற்றம் கிடையாது. இ4-க்குப் பதில் இ3 வைத்தால் டி4-ல் எந்தக் குதிரையும் எட்டிப் பார்க்காது, ஜி2 பிஷப்பின் வழியும் அடைபடாது. இது எனக்கு முதல் வருஷமே தெரியும். ஆனாலும் கை இ4-க்குத்தான் போகிறது, அந்த எஃப்4 ஆசை விடமாட்டேன் என்கிறது.

ஆக தம்பி, பையனுக்கு வேண்டாம்டா. பத்து வயசுக்கு இந்தப் பொறுமை எதுக்கு? முதல் நகர்விலேயே இ4 வைக்கச் சொல்லிக் கொடு, அடிதடியில் கணக்குப் போடப் பழகட்டும். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று நினைப்பாய், நினைத்துக்கொள்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை வெள்ளை கிடைத்தால் எனக்கு சி4தான். இ3-ஆ இ4-ஆ என்பதை ஐந்தாவது நகர்வில் பார்த்துக்கொள்கிறேன்.