பாங்காக்கிலிருந்து கடற்கரைக்கு: விமானமா, இரவு ரயிலா, பஸ்ஸா?

முதல்முறை தாய்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் டிக்கெட் விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: பாங்காக் விடுதி வாசலில் கிளம்பி, கடற்கரை விடுதி வாசலில் பெட்டியை இறக்கும்வரை ஆகும் மொத்த நேரமும் மொத்தச் செலவும். விமான நிலையத்திலிருந்து துறைக்கு, துறையிலிருந்து தீவுக்கு, தீவில் இறங்கி விடுதிக்கு என்று வரும் கடைசித் துண்டுகளில்தான் மலிவு டிக்கெட்டின் லாபம் கரையும்.

அதற்கும் முன்னால் மாதத்தைப் பாருங்கள். மேற்கே அந்தமான் கடலில் ஃபுகெட், கிராபி, பீ பீ தீவுகள். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் கோ சமுய், கோ பாங்கான், கோ தாவ். மே முதல் அக்டோபர் வரை அந்தமான் பக்கம் பருவமழை. அலை உயர்ந்து, கடற்கரையில் சிவப்புக் கொடி ஏறும் நாட்கள் அதிகம். சமுய் பக்கம் கனமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நவம்பரில் உச்சம். ஆகவே மே மாதப் பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வளைகுடா, அரையாண்டு விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு அந்தமான். தீபாவளியை ஒட்டிப் போனால் இரண்டு பக்கமும் உறுதி இல்லை.

அடுத்தது, எந்த விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்பது. பாங்காக்கில் இரண்டு உண்டு. சென்னையிலிருந்து தாய் ஏர்வேஸ் சுவர்ணபூமிக்குப் போகிறது. தாய் ஏர்ஏசியா டான் முவாங்குக்கு. உள்நாட்டில் ஏர்ஏசியா, நோக் ஏர், தாய் லயன் ஏர் ஆகியவற்றுக்கு டான் முவாங்தான் முக்கியத் தளம். பாங்காக் ஏர்வேஸும் வியட்ஜெட்டும் சுவர்ணபூமியிலிருந்து பறக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இலவசப் பஸ் ஓடுகிறது. அடுத்த விமான டிக்கெட்டைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் பாங்காக் நெரிசலில் அந்தப் பயணம் ஒரு மணி நேரமும் ஆகும், இரண்டும் ஆகும். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டுமானால் குடியேற்ற வரிசையையும் சேர்த்து ஐந்து மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டில் இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டால் பணம் போனது போனதுதான்.

கோ சமுய்: மூன்று வழிகள்

ஒப்பிடுவதற்கு நிறைய இருப்பது இங்கேதான்.

நேரடி விமானம்: ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இறங்கினால் சாவெங் கடற்கரை பத்துப் பதினைந்து நிமிடம். ஆனால் சமுய் விமான நிலையம் பாங்காக் ஏர்வேஸுக்கே சொந்தம். போட்டி குறைவு என்பதால் கட்டணம் இறங்குவதே இல்லை. கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

எதிர்க்கரை ஊரான சூராட் தானிக்கு மலிவு விமானம், பிறகு பஸ், பிறகு படகு: விமான டிக்கெட் நேரடி சமுய் கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பது வழக்கம். ஆனால் அங்கிருந்து டான் சாக் துறைக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், பெரிய ஃபெர்ரியில் இன்னொரு ஒன்றரை மணி நேரம், காத்திருப்பு தனி. ஃபெர்ரி தீவின் மேற்குக் கரையில் விடும். சாவெங் கிழக்குக் கரை. அந்தக் கடைசி இருபது கிலோமீட்டருக்கு டாக்சிக்காரர்கள் கேட்கும் தொகை, மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால் பஸ், படகு, தீவில் விடுதிவரை வேன் மூன்றும் சேர்ந்த கூட்டு டிக்கெட்டாக வாங்குங்கள். காலை விமானம் மட்டுமே சரிப்படும். மாலையில் இறங்கினால் கடைசிப் படகு போயிருக்கும், இரவைச் சூராட் தானியில் கழிக்க வேண்டிவரும்.

இரவு ரயில்: சூராட் தானி வரை ரயில், பிறகு அதே பஸ், படகு. தெற்கே போகும் நீண்டதூர வண்டிகள் 2023 ஜனவரி முதல் குருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய வழிகாட்டிகளை நம்பி, முன்பு அவை கிளம்பிய ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள். மெட்ரோவின் நீலப் பாதையில் பாங் சூ நிலையத்தில் இறங்கினால் இதுதான். டான் முவாங்கில் இறங்குகிறவர்களுக்குச் சிவப்புப் பாதை ரயில் நேராக இங்கே வரும். இரண்டாம் வகுப்பு ஏசியில் கீழ்ப்படுக்கை, மேல்படுக்கையைவிட அகலம், ஜன்னலும் உண்டு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அதையே எடுங்கள். இரவில் ஊழியர் வந்து இருக்கையை மடக்கி, மெத்தை விரித்து, திரைச்சீலை மாட்டித் தருவார். ஏசி கடும் குளிர், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். சைவர்கள் சாப்பாட்டைப் பாங்காக்கிலேயே கட்டிக்கொள்வது நல்லது. காய்கறி போட்ட சோற்றிலும் மீன் சாறு விட்டிருப்பார்கள்.

ரயிலில் தப்பு நடப்பது நேரத் தேர்வில். மாலையில் சீக்கிரம் கிளம்பும் வண்டி சூராட் தானியை நள்ளிரவு தாண்டியதும் சேர்த்துவிடும்; காலைப் படகுவரை நிலையத்தில் கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டும். விடியலை ஒட்டிச் சேரும் வண்டியைத் தேடி எடுங்கள். ஒரு மணி, இரண்டு மணி தாமதம் சாதாரணம். கூட்டு டிக்கெட் இருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், தனியாகப் படகு டிக்கெட் வாங்கியிருந்தால் அந்தச் சலுகை கிடைப்பது சந்தேகம். சமுய் சேர நண்பகல் ஆகும். ஆனாலும் ஒரு இரவு விடுதி வாடகை மிச்சம், பகல் பொழுதும் வீணாவதில்லை. திடகாத்திரமான நாலு பேர் சேர்ந்து போனால் எங்கள் ஓட்டு ரயிலுக்கே. ஏப்ரல் 13 முதல் 15 வரை வரும் சொங்க்ரான் புத்தாண்டை ஒட்டி மட்டும் படுக்கை கிடைப்பது அரிது.

கோ தாவுக்கு விமான நிலையமே இல்லை. சும்போன் வரை ரயில், பிறகு கேட்டமரான் என்னும் இரட்டை உடல் வேகப் படகு. நவம்பர், டிசம்பரில் இந்தக் கடல் புரட்டி எடுக்கும். கீழ்த்தளத்தில் பின்பக்கம் உட்காருங்கள், மாத்திரையை ஏறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபுகெட், கிராபி

இரண்டு ஊருக்கும் ரயில் கிடையாது. பஸ்ஸில் 12 மணி நேரத்துக்கு மேல். விமானம் ஒன்றரை மணிக்குள், அதுவும் போட்டியால் மலிவு. இங்கே பஸ்ஸுக்கு வாதாட ஒன்றுமில்லை. ஒப்பிட வேண்டியது இறங்கிய பிறகு நடப்பதை.

ஃபுகெட் விமான நிலையம் தீவின் வடகோடி. கூட்டம் அதிகம் போகும் பட்டோங் கடற்கரை 35 கிலோமீட்டர் போல. டாக்சிக்கு உள்நாட்டு விமானக் கட்டணத்தையே நெருங்கும் தொகை ஆகலாம். பகிர்வு மினிவேன் மலிவு. ஆனால் வழியில் ஒரு சுற்றுலா முகவர் கடையில் நிறுத்தி, விடுதிப் பெயர் கேட்கும் சாக்கில் டூர் விற்கப் பார்ப்பார்கள். மறுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், வேன் கிளம்பிவிடும். மேற்குக் கடற்கரைகளை ஒட்டி ராவாய் வரை போகும் ஸ்மார்ட் பஸ் நூறு பாட் அளவில்தான், அவசரமில்லாதவர்களுக்கு அருமை.

கிராபி விமான நிலையத்திலிருந்து ஆவ் நாங் கடற்கரை வரை ஷட்டில் பஸ்ஸில் சுலபமாகப் போகலாம். பக்கத்து ரைலே கடற்கரையில் அறை போடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அது நிலத்தோடு ஒட்டிய இடமே என்றாலும் சுண்ணாம்புக் குன்றுகள் மறிப்பதால் சாலை கிடையாது. லாங்டெயில் என்னும் நீள மோட்டார் படகு ஒன்றே வழி. ஆவ் நாங்கிலிருந்து கால் மணி நேரம், தலைக்கு நூறு பாட் வாக்கில், எட்டுப் பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்து ஏறி இறங்க வேண்டும் என்பதால் சக்கரப் பெட்டி அங்கே பெரும் சுமை, முதுகுப் பை கொண்டுபோங்கள். கடல் சீறும் மாதங்களில் ஆவ் நாங் படகு நின்றால், ஒதுங்கிய துறையான ஆவ் நாம் மாவ் பக்கம் போய்க் கேளுங்கள்.

இரண்டையும் பார்க்க ஆசையா? ஃபுகெட்டில் இறங்கி, பீ பீ வழியாகப் படகில் போய், கிராபியிலிருந்து பாங்காக் திரும்புங்கள். வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சம்.

கையில் இரண்டே நாள் என்றால்

பறக்க வேண்டாம். பட்டாயாவுக்குச் சுவர்ணபூமியின் தரைத்தளத்திலிருந்தே பஸ் உண்டு, இரண்டு மணி நேரம், கட்டணம் 150 பாட் அளவில். ஆனால் அங்கே குளிக்கத் தகுந்த மணல் ஊருக்குள் இல்லை, பாலி ஹாய் துறையிலிருந்து முக்கால் மணி நேரப் படகுப் பயணத்தில் இருக்கும் கோ லார்ன் தீவில்தான். கோ சமெட் அதைவிட அழகு, மழையும் குறைவு. பாங்காக்கின் எக்கமை பஸ் நிலையத்திலிருந்து பான் பே துறை வரை நான்கு மணி நேர பஸ், பிறகு அரைமணி முதல் முக்கால் மணி நேரப் படகு. தேசியப் பூங்கா என்பதால் வெளிநாட்டவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள். இந்த வழிகளில் மினிவேன் வேகம்தான். ஆனால் பெட்டி வைக்க இடமில்லை, ஓட்டுகிற விதமும் பயமுறுத்தும். பெரிய பஸ் இருக்கும்போது அதிலேயே ஏறுங்கள்.

எந்த வழியில் போனாலும், படகு சேர்ந்த திரும்பும் பயணத்தை ஊர் திரும்பும் விமானத்தின் அதே நாளில் வைக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளை முன்னறிவிப்பின்றி நிறுத்துவார்கள். கடைசி இரவைப் பாங்காக்கில் போடுங்கள். சாமான் வாங்கும் வேலையையும் அன்றைக்கு ஒத்திவைத்தால், ஏழு கிலோ கைப்பை மட்டும் அனுமதிக்கும் மலிவு விமானத்தில் எடைக்குத் தண்டம் கட்ட வேண்டியதில்லை.