நாய்க்கென்று தனியாக ஒரு தெர்மாமீட்டர்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மருந்துக்கடையில் 120 ரேண்டுக்கு வாங்கிய சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். கைக்குழந்தைகளுக்கென்று விற்பது, நுனி ரப்பர் மாதிரி வளையும். நாய்க்கு வாங்குவதானால் இந்த வளையும் நுனிதான் முக்கியம். நெற்றிக்கு நேரே நீட்டும் வகை, ரோமத்தின் மேல் சரியாகக் காட்டாது.

நுனியில் வாஸ்லின் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாய்க்குள் மெதுவாக நுழைக்க வேண்டும். எங்கள் பிரௌனியின் கழுத்தைக் கணவர் அணைத்துக்கொள்வார், பின்பக்கம் என் பொறுப்பு. பெட்டியில் 10 விநாடி என்று போட்டிருக்கிறான். அரை நிமிடமாவது ஆகிறது. முடிந்ததும் போடும் ‘பீப்’ சத்தத்தில் நாய் துள்ளிவிடுகிறது. திரைக்கு விளக்கும் இல்லை. மின்வெட்டு நேரத்தில் கைப்பேசி வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

நாய்க்கு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். ஊரில் ஃபாரன்ஹீட்டில் பார்த்துப் பழகியவர்கள் 101 என்றதும் பதறிவிடாதீர்கள், அதற்கு அது காய்ச்சல் இல்லை.

டர்பன் கோடையில் உண்ணிக்குக் கேட்கவா வேண்டும்! ஜனவரியில் ஒரு நாள் பிரௌனி கோழிக்கறியைக்கூட மோந்து பார்க்காமல் படுத்துக் கிடந்தது. மாமியார் தொட்டுப் பார்த்து, “மூக்கு ஈரமாத்தானே இருக்கு, ஒண்ணுமில்ல” என்றார். மூக்கை நம்பவே கூடாது. தெர்மாமீட்டர் 40.4 காட்டியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு அவித்த கோழித்தோல் போல வெளுத்திருந்தது. கிளினிக்கில் காது ஓரத்தைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தார்கள். பிலியரி நோய்! உண்ணி கடித்து உள்ளே போகும் பபேசியா கிருமி, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறது. இந்த நாட்டில் பரவும் வகை ரொம்பவே மோசமானது. ஈறு வெளுப்பதோடு சிறுநீர் காபி நிறத்தில் போகலாம், கண் மஞ்சளிக்கலாம். அன்றே ஊசி போட்டதில் ரத்தம் ஏற்றாமலே பிழைத்துக்கொண்டது.

ஆனால் எண் சரியாக இருக்கிறதென்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையா? காய்ச்சலே இல்லாவிட்டாலும் அது அடைப்பாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெரிய நாய் வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தாலும் அப்படித்தான். அப்புறம், காய்ச்சல் கூடியிருக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பனாடோவை, அதாவது பாராசிட்டமால் மாத்திரையை, கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரையே எமன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று அந்த பீப்புக்கு. வீட்டு மனிதர்களின் தெர்மாமீட்டரோடு கலந்துவிடாதபடி மூடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசி வைத்திருக்கிறேன்; வாங்கிய அன்றே நீங்களும் ஏதாவது அடையாளம் போட்டுவிடுங்கள்.