நாதம் திருவிழா: தலைநகரில் ஒரு நாள் போதும், மீதியைக் கிராமத்துக்குக் கொடுங்கள்

அப்பா 31 வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் எங்கே போகலாம் என்று கேட்டேன். "மல்யுத்தத்தை ஊரே கொண்டாடுற இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். அப்படித்தான் மங்கோலியாவின் நாதம் திருவிழாவுக்குப் போனோம். நாதம் என்றால் அவர்கள் மொழியில் விளையாட்டு. மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை மூன்றும் அதன் உயிர். தேசிய விழா ஜூலை 11 அன்று தலைநகர் உலான்பாத்தரில் தொடங்கும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேக்கேஜில் போயிருந்தோம். நிழலில் இருக்கை என்று சொல்லிவிட்டு உச்சி வெயிலில் உட்கார வைத்தார்கள். குதிரைமுடி கட்டிய ஒன்பது வெள்ளைக் கொடிக்கம்பங்களைக் குதிரை வீரர்கள் அரங்கத்துக்குள் கொண்டுவந்தபோது எனக்குச் சிலிர்த்தது உண்மை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. மறுநாள் இன்னும் மோசம். குதிரைப் பந்தயம் நடக்கும் ஹுய் தோலோன் ஹுதக் என்ற இடம் நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வேன் தாமதமாகக் கிளம்பி, நெரிசலில் மாட்டி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பேக்கேஜ் எடுத்தால் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மல்யுத்தம் மட்டும் கொடுத்த காசுக்கு மேலேயே தந்தது. 512 பேர், ஒன்பது சுற்று, ஒருமுறை தோற்றால் வெளியே. எடைப் பிரிவே கிடையாது. முழங்காலோ முழங்கையோ தரையில் பட்டால் தோல்வி. தோற்றவர் ஜெயித்தவரின் கைக்கு அடியில் குனிந்து போகிறார், ஜெயித்தவர் இரண்டு கைகளையும் விரித்துக் கழுகு மாதிரி ஆடுகிறார். ஏழு சுற்று ஜெயித்தால் 'ஸான்' பட்டம். அதாவது யானை! யானையே இல்லாத நாட்டில் பலத்துக்கு யானைதான் பெயர் என்று கேட்டதும் அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

அப்புறம் பேக்கேஜை அத்தோடு விட்டுவிட்டு, ஒரு ஓட்டுநரை அமர்த்திக்கொண்டு ஆர்கங்காய் மாகாணத்துப் பக்கம் போனோம். 'சும்' என்பது அங்கே நம்ம ஊர் வட்டம் மாதிரி. ஒவ்வொரு சும்மும் தனக்கென்று ஒரு நாதம் நடத்துகிறது. தேதி இடத்துக்கு இடம் மாறும், விசாரித்துவிட்டுப் போக வேண்டும். அங்கே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் குதிரைகள், அவ்வளவுதான். எண்ணெய் சொட்டச் சொட்ட ஹூஷூர் பொரித்துக் கொடுத்தார்கள், உள்ளே ஆட்டிறைச்சி. சைவக்காரர்கள் கையில் ஏதாவது வைத்திருப்பது நல்லது.

குதிரைகளை ஓட்டுவது எல்லாம் சின்னப் பிள்ளைகள். தலைக்கவசம் போட்டிருந்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதை மறைக்க மாட்டேன்.

இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயம் அன்று. முதலில் தூரத்தில் புழுதி, பிறகு குளம்புச் சத்தம், பிறகு நுரை தள்ளிய வாய்கள். முதலில் வந்த குதிரையின் வியர்வையைத் தொட்டுக்கொள்ள ஆட்கள் முண்டியடித்தார்கள், அது அதிர்ஷ்டமாம். முதல் ஐந்து குதிரைகளுக்கு 'ஐரகின் ஐந்து' என்று பெயர். ஐரக் என்பது புளிக்க வைத்த குதிரைப் பால், அதை அவற்றின் மேல் தெளித்து வாழ்த்துகிறார்கள்.

கிளம்பலாம் என்று நான் எழுந்தேன். ஓட்டுநர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ரொம்ப நேரம் கழித்துக் கடைசிக் குதிரை வந்தது. அதையும் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் அதற்கென்றே ஒரு பாட்டைப் பாடினார். அந்தக் குதிரைக்குப் பெயர் 'பயன் ஹோதோத்', நிறைந்த வயிறு. பாட்டில் குதிரையைக் குறை சொல்வதே இல்லையாம். அடுத்த வருடம் நீதான் முதலில் வருவாய் என்று முடிகிறதாம்.

ஓட்டுநர் சொல்லச் சொல்ல அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை ஸ்போர்ட்ஸ் டே நடத்தியிருக்கேன், கடைசியா வந்த புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையே" என்றார். பிறகு இறங்கிப் போய், அந்தக் குதிரையின் ஈரக் கழுத்தில் கை வைத்தபடி, மேலே உட்கார்ந்திருந்த பையனிடம் தமிழிலேயே ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.