கொசு விரட்ட வேப்பிலைப் புகையா, வேப்பெண்ணெய்ப் பூச்சா?

செலவு:
புகை – பக்கத்தில் மரம் இருந்தால் காசே இல்லை.
பூச்சு – 100 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 2 மி.லி. வேப்பெண்ணெய் போதும், சின்ன பாட்டிலே பல மாதம் வரும்.

எவ்வளவு நேரம்:
புகை – கலைந்ததும் கொசு திரும்பிவிடும். காற்றடித்தால் இன்னும் சீக்கிரம்.
பூச்சு – சில மணி நேரம் நிற்கும். புழுக்கத்தில் வியர்வை வழிந்தால் மறுபடி தடவ வேண்டும். தடவாமல் விட்ட கணுக்காலைக் கொசு சரியாகக் கண்டுபிடித்துவிடும்! குளிர் நாளில் தேங்காய் எண்ணெய் உறைந்தால், பாட்டிலை வெந்நீரில் வைத்து இளக்கி, நன்றாகக் குலுக்குங்கள்.

தொல்லை:
புகை – பச்சை இலை கண்ணை எரிக்கும். நிழலில் உலர்த்திய இலை ஒரு கைப்பிடி, தணல் மேல், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.
பூச்சு – வாடை தூக்கும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். கைக்குழந்தைக்குக் கூடாது, வேப்பெண்ணெய் வாய்க்குள் போனால் ஆபத்து. சமைக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வாசலில் கொஞ்ச நேரம் பேசியிருக்கப் புகை. அடுப்படியில் நிற்க, படிக்க, பூச்சு. டெங்கு பரவும் நாட்களில் இரண்டையும் நம்பி இருக்காதீர்கள்: அந்தக் கொசு பகலில் கடிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள், தேங்கிய நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டுங்கள்.