எண்ணெயை ஃபில்டர் செய்துவிட்டு டி.ஜி.ஏ. (எண்ணெயில் கரைந்த வாயுச் சோதனை) எடுப்பவர்களிடம் உஷார்

சொந்தமாகப் பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் ஆலைக்காரர்கள், வருடாந்திரப் பராமரிப்பை வெளியே கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது 110/11 கே.வி., பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. ஆயில் ஃபில்டர், டி.ஜி.ஏ., டேன் டெல்டா (இன்சுலேஷன் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) எல்லாம் ஒரே பேக்கேஜ் என்று ஒரு நிறுவனம் மற்றவர்களைவிடக் குறைத்துக் கேட்டது. ஷட்டவுன் அன்று வந்தவர்கள் முதல் வேலையாக ஃபில்டர் மெஷினை மாட்டினார்கள். சாம்பிள் எப்போது என்றால், "ஃபில்டர் முடியட்டும் சார், ரிசல்ட் நல்லா வரும்" என்கிறார் சூப்பர்வைசர். வராமல் என்ன? எண்ணெயைச் சூடாக்கி வெற்றிடத்தில் ஓட்டும் அந்த மெஷின் ஈரத்தோடு கரைந்திருக்கும் வாயுக்களையும் இழுத்துவிடும், உள்ளே எங்கே பொறி பறக்கிறது, எங்கே கம்பியைச் சுற்றிய இன்சுலேஷன் பேப்பர் வேகிறது என்று காட்டிக்கொடுப்பதே அந்த வாயுக்கள்தான். கொலை நடந்த அறையைக் கழுவிவிட்டுக் கைரேகை தேடுகிற கதை. அப்போதே எழுதிக் கொடுத்தேன், மேலிடத்தில் பேசிச் சமாளித்துவிட்டார்கள்.

சாம்பிளாவது கண்ணாடி சிரிஞ்சில் எடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. காலித் தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து மூடினார்கள். மிச்சம் மீதி ஹைட்ரஜன் இருந்தாலும் பாட்டிலின் காலி இடத்துக்குப் போய்விடும்.

ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். கார்பன் மோனாக்சைடும் டை ஆக்சைடும் கிட்டத்தட்ட பூஜ்யம், இத்தனை வருடம் ஓடிய பேப்பரில், எண்ணெயை ஃபில்டர் செய்யாமல் எடுத்திருந்தால் அது நடக்கவே நடக்காது. டேன் டெல்டா இன்னும் மோசம்: புஷிங்கில் (கம்பி டேங்குக்குள் நுழையும் இன்சுலேட்டர்) மாட்டிய ஜம்பர் கம்பியைக் கழற்றவே இல்லை, டெஸ்ட் கிட் வேனைவிட்டு இறங்கவே இல்லை, ஆனால் மூன்று பக்கத்துக்கு அளவுகள்! பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் தசமப் புள்ளி வரை அதே எண்கள், தேதி மட்டும் புதுசு.

லோடு கொடுத்து கொஞ்ச நாள் ஓட்டியபின் வேறு லேபுக்கு சாம்பிள் அனுப்பினோம். எத்திலீன் ஏறியிருந்தது, அடுத்த சாம்பிளில் இன்னும் அதிகம். எண்ணெய்க்குள் எங்கோ கடும் சூடு என்று அர்த்தம். டேங்கைத் திறந்தால் டேப் லீட் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க வைன்டிங்கிலிருந்து எடுக்கும் கம்பி) ஜாயின்ட் ஒன்றில் பேப்பர் கருகி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

ஆகவே சாம்பிளை ஃபில்டருக்கு முன்பே உங்கள் ஆள் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள், அதை நீங்களே லேபுக்கு அனுப்புங்கள். டேன் டெல்டாவுக்கு பிரிண்ட் போதாது, கிட்டிலிருந்து எடுத்த ஃபைலையே கேளுங்கள். இதையெல்லாம் பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள், அப்புறம் வாய்ச்சண்டை தேவையில்லை.

பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். எப்போது தருவீர்கள் என்று மட்டும் தவறாமல் போன் வருகிறது.