பழம்பொருள் சந்தை: எதற்குப் போகலாம், எதைத் தவிர்க்கலாம்

பழம்பொருள் சந்தையில் கொடுத்த காசுக்குக் குறையாதவை கைக்கருவிகளும் வார்ப்பிரும்புச் சட்டிகளும்தான். துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், விரிசலை ஒன்றும் செய்ய முடியாது. சட்டியைக் கைப்பிடியில் தொங்கவிட்டுத் தட்டுங்கள்: கணீரென்றால் சரி, ஓசை மழுங்கினால் வைத்துவிடுங்கள். பித்தளை என்று தருவதில் முலாம் பூசிய இரும்பும் வரும். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு. (வெள்ளிக்கு இது முழுச் சோதனை ஆகாது; பித்தளையும் செம்பும்கூடக் காந்தத்தில் ஒட்டா.)

கேமரா லென்ஸின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய இழைகள் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. வெளியே துடைத்தால் போகாது. மரச்சாமானைத் தட்டும்போது துளைகளிலிருந்து புதுத்தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம். மெத்தை, பேட்டரி, ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் அடிபட்டதா என்பது வெளியே தெரியாமலே போகலாம்.

காய்கறி, மீன் சந்தை வேறு கணக்கு. தரம் வேண்டுமென்றால் கடை விரிக்கும் நேரம், மலிவு வேண்டுமென்றால் மூடும் நேரம். மீனுக்கு இரண்டாவது ஆகாது: கண் குழிந்து செவுள் பழுப்பேறியிருந்தால் எந்த விலையும் அதிகம். முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் பேரம் பேசாத கடையில் நீங்களும் பேசாதீர்கள்.