திரையைப் பார்க்காமல் பேட்டி பதிவு செய்ய: ஸூம் எச்1 எசென்ஷியல்

பார்வையற்ற நிருபரோ கள ஆய்வாளரோ ரெக்கார்டர் வாங்கப் போனால், கடைக்காரர் மைக்கின் தரத்தைத்தான் முதலில் சொல்வார். கேட்க வேண்டியது வேறு. பதிவு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பது விரலுக்கும் காதுக்கும் தெரியுமா? பல மலிவு ரெக்கார்டர்களில் அதற்கு அடையாளம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டுமே. பொத்தானை ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டால் ஒரு மணி நேரப் பேச்சும் போச்சு. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி நெல் போட்டவரிடம் "இன்னொருக்கா சொல்லுங்க" என்றால், முதல் தடவை வந்த பேச்சு திரும்ப வராது.

2024-ல் வந்த ஸூம் எச்1 எசென்ஷியல் என்ற கையடக்க ரெக்கார்டர் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தருகிறது. மெனுவை வாய்விட்டுப் படிக்கும். ஆங்கிலத்தில் படிக்கும், தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. ஆனால் வரும் சொற்கள் கொஞ்சம்தான், இரண்டு நாளில் பழகிவிடும். பேச்சும் பீப்பும் சேர்ந்து வேண்டுமா, பீப் மட்டும் போதுமா என்று தேர்ந்தெடுக்கலாம். எதிரே இருப்பவரின் கவனம் சிதறாமலிருக்க இயர்போன் செருகிக் கேட்பது நல்லது. பதிவுப் பொத்தான் பெரியது, முன்பக்கத்திலேயே இருக்கிறது. மற்ற பொத்தான்கள் நெருக்கமாக இருப்பதால், அடிக்கடி தேவைப்படும் ஒன்றின் மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டால் விரல் தடுமாறாது. பதிவு தொடங்கியதும், பொத்தான்களைப் பூட்டும் ஹோல்டைப் போட்டுவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய வசதி 32 பிட் ஃப்ளோட் பதிவு. வழக்கமான ரெக்கார்டரில் மீட்டரைப் பார்த்து லெவல், அதாவது பதிவாகும் ஒலியின் அளவு, வைக்க வேண்டும். கூட்டினால் குரல் உடையும், குறைத்தால் இரைச்சல் ஏறும். இதில் லெவல் வைக்கும் வேலையே இல்லை. மெதுவாகப் பேசும் பாட்டியும், நடுவில் புகுந்து உரக்கப் பேசும் மகனும் ஒரே கோப்பில் உடையாமல் இருப்பார்கள். பிறகு கணினியில் அடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளைத் திறந்து, கன்ட்ரோல்-ஏ அழுத்தி, எஃபெக்ட் மெனுவில் ஒலியளவைச் சரிசெய்யும் நார்மலைஸ் கொடுத்தால் போதும். என்விடிஏ திரைவாசிப்பானோடு இது முழுக்க விசைப்பலகையிலேயே முடியும்.

காற்றுக்கு மட்டும் 32 பிட் உதவாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கின் சவ்வையே தள்ளுகிறது. ஒலி எண்ணாக மாறுவதற்கு முன்பே கெட்டுவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மின்விசிறிக் காற்றுக்கு நுரை உறை போதும். வேலந்தாவளம் பக்கம் ஆனி, ஆடியில் தோப்பில் உட்கார்ந்து பேசுவதென்றால் முடி வைத்த உறை கட்டாயம் வேண்டும். தனியாகத்தான் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் ரெக்கார்டர் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இன்னொரு குறை, உடம்பு லேசான பிளாஸ்டிக். கையில் பிடித்தால் விரல் நகர்வதெல்லாம் பதிவாகும். டிரைபாட் திருகுவதற்கான துளை இருக்கிறது. சின்ன மேசை ஸ்டாண்டில் பொருத்தலாம், இல்லையென்றால் மடித்த துண்டின் மேல் வைக்கலாம். பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழம் தூரம் சரி. தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும், போர் மோட்டாரின் முனகல் அப்படியே இருக்கும்.

மெமரி கார்டு கூட வராது. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.4 ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டில் இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அலுவலகத்துக்கு அனுப்ப 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக்கினால் ஒரு மணி நேரம் 30 எம்பிக்குள் அடங்கும். இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அமைப்பில் அந்த வகையையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்பது தப்பாக வரும். நாள்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்தால் தேதியும் போய்விடும். கோப்புகளைத் தேதியால் தேடுபவர்களுக்கு அது பெரிய தலைவலி.

ஒலிம்பஸ் டிஎம்-720-ம் மெனுவைப் படிக்கும். யூஎஸ்பி முனை உடம்பிலேயே இருப்பதால் கேபிள் தேடவேண்டாம். நேரே எம்பி3-ல் பதியும். பேச்சை எழுத்தாக்குவது மட்டும்தான் வேலை என்றால் அதுவே போதும். ஆனால் பழைய மாடல், 32 பிட் ஃப்ளோட் கிடையாது. கிடைத்தாலும் பேட்டரியைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் பதிவு செய்தால் அதன் திரைவாசிப்பானான டாக்பேக் தமிழிலேயே பேசும், அது உண்மையான வசதி. ஆனால் அந்தக் குரலே பேட்டிக்குள் புகுந்துவிடும், அழைப்பு வந்தால் பதிவு தடைபடலாம். போனை இரண்டாவது நகலுக்கு மட்டும் வையுங்கள்: பறக்கும் முறையில் போட்டு, பதிவைத் தொடங்கி, திரையைப் பூட்டி, ரெக்கார்டருக்குப் பக்கத்திலேயே.

சட்டையில் குத்தும் மைக்குக்கு எச்1-ல் 3.5 மிமீ துளை உண்டு. பத்திரிகையாளர் சந்திப்பில் ஒலிபெருக்கி மேசையிலிருந்து எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை கேபிளில் இணைப்பு எடுப்பவர்கள் எச்4 எசென்ஷியலுக்குப் போக வேண்டும். அதுவும் இதே போலப் பேசும்.